மலையில இருந்துட்டே எம்எஸ் நோயோட வாழ்றது எப்படி

எம்எஸ்னு ஒரு நரம்பு நோய்னு டாக்டர் சொல்லி இப்பதான் கொஞ்ச நாள் ஆச்சு, வீட்ல யாருக்கும் அது என்னன்னே புரியல, நெட்ல தேடுனா எல்லாம் அமெரிக்கா லண்டன் கதையா வருது, நம்ம இருக்கறதோ நீலகிரியில குன்னூர்லயோ கோத்தகிரிலயோ மஞ்சூர்லயோ ஒரு சரிவுல, ரோட்ல இருந்து வீட்டுக்கு படி இறங்கிப் போகணும், நியூராலஜிஸ்ட்ட, அதாவது நரம்பு டாக்டர பாக்கணும்னா கோயமுத்தூர் இறங்கணும். இப்படி இருக்கறவங்களுக்காகத்தான் இத எழுதறேன். எனக்கும் இதே நோய்தான், குன்னூர் பக்கம்தான் வீடு. நான் டாக்டர் இல்ல, மருந்து விஷயத்துல உங்க டாக்டர் சொல்றதத்தான் கேக்கணும். ஆனா இந்த மேடு பள்ளத்துல, பனியில, மழையில இந்த நோய வச்சுட்டு எப்படி நாள ஓட்டறதுன்னு கீழ இருக்கற டாக்டருங்க யாரும் உக்காந்து சொல்லித் தரப் போறதில்ல, அத நம்மளே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கணும்.

முதல்ல நோய் என்னன்னு. மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ். நம்ம உடம்புல கிருமிய எதுத்து சண்ட போடுற செல்லுங்க இருக்குல்ல, அதுங்க தப்பா நம்ம நரம்பையே தாக்குது. மூளை, தண்டுவடம், கண் நரம்பு இந்த மூணு இடத்துலயும் நரம்பு மேல மயலின்னு ஒரு கொழுப்பு உறை இருக்கும், அது அங்கங்க அரிச்சுப் போய் தழும்பு விழுந்துடும், அந்த வழியா போற தகவல் மெதுவாகுது இல்லன்னா நின்னு போகுது. எந்த இடத்துல தழும்பு விழுதோ அதப் பொறுத்து தொந்தரவு மாறும், அதனாலதான் ஒருத்தருக்கு கண்ணு, இன்னொருத்தருக்கு காலு, இன்னொருத்தருக்கு யூரின். பெரும்பாலும் 20ல இருந்து 40 வயசுக்குள்ள ஆரம்பிக்கும், ஆம்பளைங்கள விட பொம்பளைங்களுக்கு ரெண்டு மூணு மடங்கு ஜாஸ்தி. உலகம் பூரா 28 லட்சம் பேருக்கு மேல இருக்காங்க. ஒட்டாது, தொத்தாது, ஒரே தட்டுல சாப்பிடலாம். கண்ணு பட்டதாலயோ யாரோ செஞ்சு வச்சதாலயோ வர்றதும் இல்ல. எப்ஸ்டீன்-பார்னு ஒரு சாதாரண வைரஸ் இதுக்கு பெரிய காரணம்னு 2022ல அமெரிக்க ராணுவத்துல ஒரு கோடி பேரோட ரெக்கார்ட வச்சு கண்டுபிடிச்சாங்க, ஆனா அந்த வைரஸ் உலகத்துல கிட்டத்தட்ட எல்லாருக்குமே ஒரு தடவ வந்திருக்கும், அதுல ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் எம்எஸ் வருது. அதனால நான் என்ன பாவம் செஞ்சேன்னு யாரும் உக்காந்து யோசிக்க வேண்டாம்.

எப்ப சந்தேகப்படணும்

இத எம்எஸ் இருக்கறவங்கள விட மத்தவங்கதான் படிக்கணும். ஒரு கண்ணு மங்கும், கண்ண அசைச்சா வலிக்கும், சிவப்பு கலரு அந்தக் கண்ணுக்கு மட்டும் வெளுத்த மாதிரி தெரியும். பாதத்துல ஆரம்பிச்ச மரமரப்பு மெல்ல மெல்ல இடுப்பு வரைக்கும் ஏறும். வயித்த சுத்தியோ மார்ப சுத்தியோ யாரோ கச்சையா இறுக்கிக் கட்டுன மாதிரி இருக்கும். தலைய குனிஞ்சா முதுகுல இருந்து காலு வரைக்கும் ஷாக் அடிக்கும். யூரின் வந்தா அடக்க முடியாது, இல்லன்னா போகவே சிரமப்படும். நடை தள்ளாடும். ரெட்டையா தெரியும். இதுல ஏதாவது ஒண்ணு புதுசா வந்து 24 மணி நேரத்துக்கு மேல நிக்குதுன்னா விடக்கூடாது.

நம்ம பக்கம் என்ன நடக்குதுன்னா, காலு மரத்தா பனி ஒத்துக்கலைன்னு சொல்லுவாங்க, வாயுன்னு சொல்லுவாங்க, தைலம் தேச்சு கம்பளிய போத்தி விடுவாங்க, தோட்டத்துல இலை பறிக்கறவங்கன்னா சுமை தூக்குனதால இடுப்பு நரம்பு பிசகிருச்சுன்னு முடிச்சிடுவாங்க. ரெண்டு மூணு வாரத்துல அதுவா சரியும் ஆயிடும். அதுதான் இதுல இருக்கற பெரிய ஏமாத்து, தானா சரியாகறதால யாரும் மேல பாக்கறதில்ல, அப்புறம் ஆறு மாசமோ ரெண்டு வருஷமோ கழிச்சு வேற இடத்துல வரும், அப்ப இதையும் அதையும் யாரும் சேத்துப் பாக்க மாட்டாங்க. முன்னாடி எப்பவாவது கண்ணு மங்கி சரியாச்சா, காலு மரத்து சரியாச்சான்னு நீங்களே யோசிச்சு தேதியோட ஒரு பேப்பர்ல எழுதிட்டு டாக்டர்ட்ட போங்க. டாக்டர் கண்டுபிடிக்கறதுக்கு அந்தப் பேப்பரு பாதி வேலைய செஞ்சிடும்.

டெஸ்ட்னு பாத்தா மூளைக்கும் தண்டுவடத்துக்கும் காண்ட்ராஸ்ட் மருந்து போட்டு எம்ஆர்ஐ, சில பேருக்கு முதுகுத்தண்டுல இருந்து நீர் எடுத்துப் பாப்பாங்க, வைட்டமின் பி12 குறைஞ்சாலும் இதே மாதிரி மரமரப்பு வரும்ங்கறதால ரத்தத்துல அதையும் பாப்பாங்க. இன்னொரு டெஸ்ட்ட பத்தி நீங்க வாய் திறந்து கேக்கணும், அக்வாபோரின்-4 ஆன்ட்டிபாடி, மாக் ஆன்ட்டிபாடி எடுத்தாச்சான்னு. ஏன்னா என்எம்ஓனு எம்எஸ் மாதிரியே இருக்கற வேற நோய் ஒண்ணு இருக்கு, இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமாட் மாதிரி எம்எஸ்ஸுக்கு குடுக்கற சில மருந்து அந்த நோய இன்னும் மோசமாக்கிடும். முக்கியமா கண்ணு ரொம்ப மோசமா போயிருந்தா, இல்ல தண்டுவடத்துல தழும்பு நீளமா இருந்தா இத கேக்காம வராதீங்க.

எம்ஆர்ஐ ஃபிலிம் எல்லாத்தையும் பத்திரமா வைங்க, வருஷா வருஷம் பழச வச்சுத்தான் புதுச ஒப்பிட்டுப் பாப்பாங்க. நம்ம ஊரு ஈரத்துல ஃபிலிமு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி பூஞ்சை புடிச்சிடும், மழைக்காலத்துல பீரோக்குள்ள இருந்தாலும் இதே கதிதான். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு பேப்பர் வச்சு, ஜிப் வச்ச பிளாஸ்டிக் பையில போட்டு வைங்க, ரிப்போர்ட்ட போன்ல போட்டோ எடுத்து வீட்ல இன்னொருத்தர் போன்லயும் ஏத்தி வைங்க.

மருந்து ரெண்டு வகை, ரெண்டையும் குழப்பிக்காதீங்க

திடீர்னு புதுசா ஒரு தொந்தரவு வந்து நிக்கறத ரிலாப்ஸ்னு சொல்றாங்க. அதுக்கு மெத்தில்ப்ரெட்னிசலோன்னு ஸ்டீராய்டு, தினம் 1 கிராம் கணக்குல மூணுல இருந்து அஞ்சு நாள் ரத்தக் குழாய் வழியா டிரிப்ஸ்ல ஏத்துவாங்க. சீக்கிரம் தேற வைக்கும், அவ்வளவுதான் அதோட வேல. அடுத்த ரிலாப்ஸ அது தடுக்காது. தடுக்கறதுக்கு தனி மருந்து இருக்கு, தொடர்ந்து எடுக்கணும். 1993ல முதல் முதலா இன்டர்ஃபெரான் ஊசி வந்துச்சு, அதுக்கப்புறம் மாத்திரையா டைமெத்தில் ஃபியூமரேட், டெரிஃப்லூனமைட், ஃபிங்கோலிமாட், டிரிப்ஸா நடாலிசுமாப், ஆக்ரிலிசுமாப்னு நிறைய வந்திருச்சு. நம்ம நாட்டுல நிறைய பேருக்கு ரிட்டுக்சிமாப் குடுக்கறாங்க, வேற நோய்க்கு வந்த மருந்துதான், ஆனா இதுக்கும் வேலை செய்யுது, இங்கயே தயாராகறதால விலையும் கம்மி. அத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஹெப்படைட்டிஸ் பி, டிபி ரெண்டும் டெஸ்ட் பண்ணுவாங்க, தடுப்பூசி ஏதாவது பாக்கி இருந்தா முன்னாடியே போட்டு முடிக்கச் சொல்லுவாங்க, அத அலட்சியம் பண்ணாதீங்க.

நான் அடிச்சு சொல்ற விஷயம் ஒண்ணுன்னா இதுதான். நல்லா இருக்கும்போது மருந்த நிறுத்தாதீங்க. நடக்கறேன், வேலைக்கு போறேன், எதுக்கு இவ்வளவு செலவுன்னு வீட்ல கேப்பாங்க, நமக்கே தோணும். ஆனா வெளிய ஒண்ணும் தெரியாத நாள்லயும் உள்ள மூளையில புது தழும்பு விழுந்துட்டு இருக்கலாம், எம்ஆர்ஐ எடுத்தா மட்டும்தான் தெரியும், அது சேந்து சேந்து ஒரு நாள் நடைய எடுத்துட்டுப் போயிடும். போனத முழுசா திருப்பிக் கொண்டு வர மருந்து இன்னும் வரல. செலவு தாங்கலைன்னா நிறுத்தாம டாக்டர்ட்ட அத சொல்லுங்க, விலை கம்மியான மருந்துக்கு மாத்த முடியுமான்னு அவங்க பாப்பாங்க. முதலமைச்சர் காப்பீட்டு கார்டு வச்சிருக்கறவங்க இதுல எது கவர் ஆகும்னு ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுண்டர்ல கேளுங்க, கேக்காம நகை அடகு வைக்காதீங்க.

இன்னொண்ணு, எதிர்ப்பு சக்தி ஏத்துற லேகியம், பொடி, கஷாயம்னு நல்ல மனசோடதான் சொந்தக்காரங்க கொண்டு வந்து குடுப்பாங்க. இந்த நோய்ல எதிர்ப்பு சக்தி தப்பா வேலை செய்யறதுதான் பிரச்சனையே, அத இன்னும் தூண்டி விடலாமா? எதா இருந்தாலும் டாக்டர்ட்ட காட்டிட்டு சாப்பிடுங்க.

ஊசி மருந்து எடுக்கறவங்களுக்கு. பொதுவா 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். ஃப்ரிட்ஜ்ல நடுத்தட்டுல வைங்க, கதவுல வேண்டாம், ஃப்ரீசர் பக்கம் கூட கொண்டு போகாதீங்க, உறைஞ்சா அந்த ஊசி வீண். மழைக்காலத்துல மரம் விழுந்து கரண்ட்டு போனா எப்ப வரும்னே தெரியாது, அப்ப ஃப்ரிட்ஜ தொறக்காம விட்டாலே ரொம்ப நேரம் குளிர்ச்சி நிக்கும், ஒரு சின்ன தெர்மாமீட்டர் வாங்கி உள்ள போட்டு வைங்க. ஊட்டிதான் எப்பவும் குளிராச்சே, ஜன்னல் ஓரமா வெளிய வச்சா என்னன்னு கேக்கறாங்க. வேண்டாம். டிசம்பர் ஜனவரில உறைபனி விழும்போது ராத்திரி ஜீரோவுக்கு கீழ போகும், பகல்ல வெயில் அடிச்சா அந்த ஜன்னல் ஓரம் சுடும். கோயமுத்தூர்ல இருந்து வாங்கிட்டு வரும்போது ஐஸ் பெட்டியில ஜெல் பேக் வச்சு, ஊசி நேரா ஐஸ் மேல படாம துணி சுத்திக் கொண்டு வாங்க.

மலை இறங்கறது

இது நம்ம மட்டும் படற பாடு, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். குன்னூர் 1850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். 14 கொண்டை ஊசி வளைவு இறங்கி கல்லாறு தாண்டுனா வேற ஊரு வேற காத்து. மேல ஸ்வெட்டர் போட்டு நல்லா நடந்து வந்து பஸ் ஏறுனவங்க, கீழ இறங்கும்போது காலு கேக்காது, கண்ணு மங்கும், நாக்கு குழறும். முதல் தடவ இது நடந்தா ரிலாப்ஸ் வந்துருச்சுன்னு உயிரே போயிடும். ரிலாப்ஸ் இல்ல. 1890ல ஊட்ஹாஃப்னு ஒரு ஜெர்மன் கண் டாக்டர் இத கவனிச்சு எழுதியிருக்காரு, அவர் பேராலதான் இன்னைக்கும் சொல்றாங்க. உறை போன நரம்புல உடம்பு சூடு அரை டிகிரி ஏறுனாலே தகவல் போறது தடுமாறும், சூடு இறங்குனா பழையபடி ஆயிடும், புதுசா எந்த சேதாரமும் இல்ல. காய்ச்சல் வந்தாலும், ரொம்ப சுடு தண்ணில குளிச்சாலும் இதேதான். வெயில விட்டு வந்து உடம்பு குளுந்த பிறகும் அடுத்த நாளும் தொந்தரவு நின்னுச்சுன்னா அப்ப டாக்டருக்கு போன் பண்ணுங்க.

அதனால அப்பாயின்ட்மென்ட் காலையில கேளுங்க, வெயில் ஏறுறதுக்குள்ள கீழ போய் சேருற மாதிரி விடிகாலையிலயே கிளம்புங்க. உள்ள பருத்தி துணி, மேல ஸ்வெட்டர், பர்லியாறு வர்றதுக்கு முன்னாடியே ஸ்வெட்டர கழட்டிடுங்க, சூடு ஏறுன பிறகு கழட்டி பிரயோஜனம் கம்மி. ஒரு பாட்டில் தண்ணிய ராத்திரியே ஃப்ரீசர்ல வச்சு எடுத்துட்டு வாங்க, ஒரு துண்ட நனைச்சு கழுத்துல போட்டுக்கோங்க. வளைவுல தலை சுத்தறவங்க முன் சீட்டுல உக்காந்து தூரமா ரோட்ட பாருங்க, போன பாக்காதீங்க. ஆஸ்பத்திரி வாசல்ல இருந்து உள்ள நடக்கற தூரம் ஜாஸ்தின்னா கூச்சப்படாம வீல்சேர் கேளுங்க, மிச்சம் பண்ற தெம்பு டாக்டர்ட்ட பேச உதவும்.

டாக்டர் ரூமுக்குள்ள போனதும் முதல்ல சொல்ல வேண்டியது, நான் மலையில இருந்து வெயில்ல வந்திருக்கேன், வீட்ல இத விட நல்லா நடப்பேன்னு. ஏன்னா அவங்க அந்த நேரத்துல உங்க நடையப் பாத்துத்தான் நோய் கூடியிருக்கான்னு முடிவு பண்ணுவாங்க. வீட்டு வாசல்ல நடக்கறத வீட்ல ஒருத்தர விட்டு போன்ல வீடியோ எடுத்து வச்சு காட்டுங்க. முடிஞ்சா ஏசி ரூம்ல அரை மணி நேரம் உக்காந்து குளுந்த பிறகு உள்ள போங்க.

தேதி குறிக்கறதுலயும் ஒரு யோசன. ரிட்டுக்சிமாப், ஆக்ரிலிசுமாப் எல்லாம் பொதுவா ஆறு மாசத்துக்கு ஒரு தடவ ஏத்தறது. அது மே மாசமும் நவம்பர் மாசமும் வந்து விழுந்தா ரெண்டு தடவையும் கஷ்டம்தான், மே மாசம் கீழ கொதிக்கும், மேல சீசன் கூட்டத்துல ரோடே நகராது, ஏறுறதுக்கு ஒரு வழி இறங்குறதுக்கு ஒரு வழின்னு மாத்தி விட்டுடுவாங்க. நவம்பர்ல மண் சரிஞ்சு குன்னூர் மேட்டுப்பாளையம் ரோட்ட மூடிடுவாங்க. பிப்ரவரி, ஆகஸ்ட்னு அமையற மாதிரி ஆரம்பத்துலயே டாக்டர்ட்ட கேட்டுப் பாருங்க. கூடலூர் பந்தலூர் ஆளுங்களுக்கு ஜூலை ஆகஸ்ட்லதான் பெருமழை, அவங்க மார்ச், செப்டம்பர்னு பாக்கலாம். மாத்திரை எடுக்கறவங்க அக்டோபர் பொறக்கறதுக்கு முன்னாடியே ஒரு மாசத்துக்கு கூடுதலா வாங்கி வச்சிடுங்க.

வீடு, படி, குளிரு

சூடு ஆகாதுன்னா குளிருல நல்லா இருக்கணுமேன்னு கேப்பாங்க. பகல்ல நம்ம ஊரு காத்து நமக்கு நல்லதுதான், அது நிஜம், கீழ இருக்கறவங்களுக்கு கிடைக்காத வசதி. ஆனா ரொம்ப குளிருனா காலு விறைச்சுக்கும், தொடையும் கெண்டைக்காலும் கட்டையா இறுகும், காலையில கட்டில்ல இருந்து எந்திரிக்கவே நேரமாகும். கட்டில்ல இருக்கும்போதே ஒரு துண்ட பாதத்துல மாட்டி ரெண்டு கையாலயும் இழுத்து கெண்டைக்கால நீட்டி விடுங்க, மெதுவா, வெட்டி இழுக்காம. ரெண்டு சாக்ஸ் போட்டு படுங்க. இறுக்கம் ஜாஸ்தின்னா பேக்ளோஃபென் மாதிரி மாத்திரை இருக்கு, டாக்டர்ட்ட கேளுங்க, ஆரம்பிச்சா திடீர்னு நிறுத்தக் கூடாது.

மரத்துப் போன காலுக்கு சூடு தெரியாது. நம்ம வீடுகள்ல சுடு தண்ணிப் பை, பாய்லர் தண்ணி, அடுப்பு பக்கத்துல கால நீட்டி உக்காருறது எல்லாம் பழக்கம். கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டதே தெரியும். தண்ணிய முழங்கையில தொட்டுப் பாருங்க, இல்ல வீட்ல வேற யாரையாவது தொட்டுப் பாக்கச் சொல்லுங்க. ராத்திரி கரி கணப்ப ரூமுக்குள்ள வச்சு கதவ சாத்தி தூங்கறது யாருக்குமே ஆபத்து, அந்தப் புகையில வாசம் இல்லாத விஷ வாயு இருக்கு, நம்ம மாவட்டத்துலயே இதனால உசுரு போயிருக்கு, நம்மள மாதிரி சட்டுனு எந்திரிச்சு ஓட முடியாதவங்க கண்டிப்பா வைக்கக் கூடாது. மழைக்காலத்துல தோட்டத்துக்குப் போய் வந்தா காலு ரெண்டையும் பாத்துடுங்க, அட்டை ஏறி ரத்தம் குடிச்சாலும் தெரியாது, சின்னக் காயம் புண்ணாகிடும்.

படிதான் எல்லாருக்கும் பெரிய தலவலி. ரோட்டுல இருந்து வீட்டுக்கு இருக்கற படிக்கு ஒரு பக்கமாவது ஜிஐ பைப்ல கைப்பிடி போட்டுடுங்க, வெல்டிங் கடைக்காரங்க வந்து போட்டுத் தருவாங்க, நம்ம வாங்குற மருந்தோட பாத்தா பெரிய செலவில்ல. எஸ்டேட் லைன் வீட்டுல இருக்கறவங்க எஸ்டேட் ஆபீஸ்ல எழுதிக் குடுத்துக் கேளுங்க, வாய்ல சொன்னா மறந்துடுவாங்க. படி ஓரத்துல மஞ்ச பெயிண்ட் அடிச்சு வைங்க, கண்ணு மங்கலா இருக்கற நாள்ல அதுதான் வழி காட்டும். மழை ஆரம்பிச்சா பாசி புடிக்கும், பிளீச்சிங் பவுடர் போட்டு தேச்சு விடச் சொல்லுங்க. பாதம் தூக்க முடியாம இழுத்து நடக்கறவங்க கம்பூட் போடாதீங்க, அது கனம், முனை தட்டி விழ வைக்கும், பின்னாடி பட்டை வச்ச லேசான ஷூ நல்லது. ஊன்றுகோல் முனையில ரப்பர் தேயுதான்னு மாசத்துக்கு ஒரு தடவ பாருங்க.

அப்புறம் காட்டெருமை. மேல இருக்கறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்ல, ஆனா நம்மால ஓட முடியாதுங்கறத மனசுல வச்சு சாயந்தரம் ஆறு மணிக்கு மேல தோட்டப் பாதையில தனியா நடக்காதீங்க. டார்ச்சு, போன் ரெண்டும் கையில இருக்கணும். பக்கத்து வீட்டுக்காரங்கட்ட விஷயத்த சொல்லி வச்சா கூப்பிட்ட குரலுக்கு வருவாங்க, அதுக்காகவாவது சொல்லுங்க.

நம்ம ஊரு மூடுபனி, ஸ்வெட்டர், குல்லா எல்லாம் சேந்து வெயிலு தோல்ல படறதே கம்மி. வைட்டமின் டி டெஸ்ட் எடுத்து டாக்டர் சொல்ற அளவு மட்டும் எடுங்க, ஜாஸ்தியா எடுத்தா கிட்னிக்கு கெடுதல். சிகரெட் பீடி புடிக்கறவங்க விட்டே ஆகணும், இந்த நோய அது வேகமாக்குது.

அசதி, யூரின், மனசு

வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு புரியவே புரியாதது அசதிதான். தூங்கி எந்திரிச்சாலும் இருக்கும், வேலை செஞ்சதால வர்ற அசதி இல்ல இது, நரம்பே தளந்து போற அசதி. நல்லா தின்னுட்டு தூங்கறான்னு சொல்லுவாங்க, அத கேட்டு வீம்புக்கு எந்திரிச்சு எல்லா வேலையும் இழுத்துப் போட்டு செய்யாதீங்க, அடுத்த ரெண்டு நாள் படுத்துடுவீங்க. மாசக் கடைசி காசு மாதிரி தெம்ப எண்ணி எண்ணி செலவு பண்ணணும். முக்கியமான வேலைய காலையில குளிருலயே முடிங்க, சமையல் உக்காந்து செய்யுங்க, மேடு ஏறுற வேலைய ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு சுருக்குங்க. மருந்து ஒத்துக்கிட்டு நல்லா இருக்கற நாள்ல தினம் கொஞ்ச நேரம் நடங்க, உடற்பயிற்சி செஞ்சா நோய் கூடும்னு முன்னாடி சொல்லிட்டு இருந்தாங்க, அது தப்பு, அளவா செஞ்சா அசதியே குறையும். பிசியோதெரபிக்கு போய் வர முடியாதவங்க மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வருவாங்களான்னு உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க, 2021ல ஆரம்பிச்ச அந்த திட்டத்துல பிசியோவும் இருக்கு.

தோட்டத்துல பறிக்கப் போறவங்க சரிவுல முதுகுல மூட்டையோட நிக்கறது ரொம்ப நாள் முடியாது, மேஸ்திரிகிட்டயும் ஆபீஸ்லயும் டாக்டர் சர்டிபிகேட்ட காட்டி சமதளத்துல, நிழல்ல இருக்கற வேலை கேளுங்க, நர்சரி வேலை மாதிரி. கவர்மெண்ட் வேலையில இருக்கறவங்களுக்கு சட்டமே இருக்கு, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி வேலையில இருக்கும்போது ஊனம் வந்தா வேலைய விட்டு எடுக்கவோ பதவி இறக்கவோ கூடாது.

யூரின் விஷயம் பொம்பளைங்க புருஷன்ட்ட கூட சொல்றதில்ல. ரோட்ல பாத்ரூம் இருக்காதேன்னு காலையில இருந்து தண்ணியே குடிக்காம மலை இறங்கறவங்க எத்தன பேரு. அதனால யூரின்ல இன்ஃபெக்ஷன் வரும், அது வந்தா பழைய தொந்தரவு எல்லாம் ஒண்ணா கிளம்பி ரிலாப்ஸ் மாதிரியே காட்டும். தண்ணி குடிங்க, கிளம்பறதுக்கு முந்துன ஒரு மணி நேரம் மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கோங்க, பேட் வச்சுக்கோங்க, டாக்டர்ட்ட வாய் விட்டு சொல்லுங்க, இதுக்கு மாத்திரை இருக்கு.

மனசு சோந்து போறதும் இந்த நோயோட ஒரு பாகம்தான், மூளையிலயே தழும்பு இருக்கும்போது மனசு மட்டும் தனியா இருக்குமா. அழுகையா வருது, எதுலயும் பிடிப்பு இல்ல, சாகலாம்னு தோணுதுன்னா அதையும் காலு மரத்தத சொல்ற மாதிரியே டாக்டர்ட்ட சொல்லுங்க.

கல்யாணம் ஆகாத பொண்ணுங்க வீட்ல மறைச்சு கட்டிக் குடுக்கறாங்க, தயவுசெஞ்சு வேண்டாம், மறைச்சா அந்தப் பொண்ணு புகுந்த வீட்ல மருந்தையும் மறைச்சு மறைச்சு கடைசில நிறுத்திடுது. எம்எஸ் இருந்தா புள்ள பெத்துக்கலாம். கர்ப்பமா இருக்கும்போது, அதுவும் கடைசி மூணு மாசம் ரிலாப்ஸ் குறையும், பொறந்த பிறகு முதல் மூணு மாசம் கூடும், அந்த நேரத்துல கூட ஆள் வேணும். ஆனா புள்ளைக்கு பிளான் பண்றதுக்கு முன்னாடியே டாக்டர்ட்ட சொல்லணும், டெரிஃப்லூனமைட் மாதிரி சில மருந்து வயித்துல இருக்கற புள்ளைக்கு ஆகாது, முன்கூட்டியே மாத்தணும். புள்ளைக்கும் இது வர்ற வாய்ப்பு நூத்துல ரெண்டு மூணுதான்.

மத்தவங்களுக்கு எடுத்து சொல்றது

உலக எம்எஸ் தினம்னு 2009ல இருந்து நடத்தறாங்க, இப்ப மே 30. இந்தியாவுல எம்எஸ்ஸுக்குன்னு மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா 1985ல இருந்து இருக்கு, அவங்கள தொடர்பு கொண்டா இதே நோய் இருக்கறவங்களோட பேச வழி கிடைக்கும். ஆனா மே மாசம் நம்ம மாவட்டத்துல சீசன், கடை, ஹோட்டல், டாக்ஸினு எல்லாரும் ஓடிட்டு இருப்பாங்க, அன்னைக்கு கூட்டம் போட்டா யாரும் வர மாட்டாங்க. ஜனங்க ஏற்கனவே கூடுற இடத்துக்கு நம்ம போகணும். மகளிர் குழு மாசக் கூட்டம், ஹட்டியில, அதாவது படுகர் ஊர்ல நடக்கற கூட்டம், சர்ச், ஸ்கூல் பேரன்ட்ஸ் மீட்டிங், எஸ்டேட் ஆஸ்பத்திரி. பத்து நிமிஷம் கேட்டா குடுப்பாங்க. தமிழ், படுகு, மலையாளம், கன்னடம்னு பேசற ஊரு இது, அந்தந்த ஆளுங்கள்ல ஒருத்தர் பேசுனா காது குடுத்து கேப்பாங்க.

கண் சிகிச்சை முகாம் நடத்தறவங்ககிட்டயும் கண்ணாடி கடைக்காரங்ககிட்டயும் கண்டிப்பா பேசுங்க. நிறைய பேருக்கு முதல் அடையாளம் கண்ணுதான், சின்ன வயசுப் பொண்ணு ஒரு கண்ணு மங்குதுன்னு வந்து, கண்ணாடி மாத்திக் குடுத்தும் தெளியலைன்னா, கண்ண அசைச்சா வலிக்குதான்னு ஒரே ஒரு கேள்வி கேட்டு நியூராலஜிஸ்ட்ட அனுப்பி விட்டாங்கன்னா அந்தப் பொண்ணுக்கு பல வருஷம் மிச்சம். கிராம செவிலியர் அக்காங்களுக்கும் இத சொல்லி வைங்க, அவங்கதான் வீடு வீடா போறவங்க.

பேசும்போது வீல்சேர் படம் காட்டி பயமுறுத்தாதீங்க. பயந்தவங்க டெஸ்ட்டுக்கு போக மாட்டாங்க. இது ஒட்டாது, மருந்து இருக்கு, சீக்கிரம் ஆரம்பிச்சா நடமாட்டத்த காப்பாத்தலாம், 24 மணி நேரத்துக்கு மேல நிக்கற மரமரப்பையோ கண் மங்கலையோ விட்டுடாதீங்க. இவ்வளவு சொன்னாப் போதும்.

மாற்றுத்திறனாளிகளுக்கு குடுக்கற யுடிஐடி அடையாள கார்டு வாங்கிடுங்க. 2016 சட்டத்துல இருக்கற 21 ஊன வகையில எம்எஸ்ஸும் ஒண்ணு. ஆன்லைன்ல விண்ணப்பிச்சுட்டு டாக்டர் போர்டு முன்னாடி போகணும், போகும்போது எம்ஆர்ஐ, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் எடுத்துட்டுப் போங்க, நல்லா இருக்கற நாள்ல எப்படி, மோசமான நாள்ல எப்படின்னு ரெண்டையும் சொல்லுங்க. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல மாதாந்திர பராமரிப்பு உதவித்தொகைக்கும் கேளுங்க, அவங்க அறிவிப்புல தண்டுவட மரப்பு நோய்னு போட்டிருந்தா அது நம்மதுதான்.

கடைசியா, பர்சுல வைக்க ஒரு அட்டை எழுதிக்கோங்க. பஸ் ஸ்டாண்டுல தள்ளாடுனா குடிச்சிருக்காங்கன்னு நினைச்சு விலகிப் போவாங்க, அப்ப அதக் காட்டலாம், 108ல ஏத்துனாலும் அது பேசும். எனக்கு மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ்னு நரம்பு நோய் இருக்கு, வெயில்ல நடை தடுமாறும், நிழல்ல உக்கார வச்சு தண்ணி குடுங்கன்னு தமிழ்ல பெருசா எழுதுங்க. பின்பக்கம் மருந்து பேரு, அளவு, எது அலர்ஜி, வீட்டு போன் நம்பர், நியூராலஜிஸ்ட் நம்பர். மழையில நனையாம லேமினேஷன் போட்டுடுங்க, மருந்து மாறுனா அன்னைக்கே அட்டையையும் மாத்திடுங்க.